லயத்துக்கு முதலில் போகிறவர் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி இதுதான். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இளைஞர்கள், பிள்ளைக் காம்பரா என்னும் குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பாளர், லொறி சாரதி, இரண்டு தலைவர்மார் என 18 பேர் சேர்ந்து முதலுதவிக் குழு அமைத்திருக்கிறார்கள். வெட்டுக்காயம், குளவிக் கொட்டு, பாம்புக்கடி வகுப்புகள் முடிந்துவிட்டன. அடுத்தது மனநலம். "மனச்சோர்வு, மனச்சிதைவு என்று ஒவ்வொரு நோயாக எடுத்து விளக்கி ஒரு நாள் வகுப்பு வைத்தால் போதுமா?"

போதாது. நோய்களின் பெயரை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவரும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், கதவைத் தட்டியதும் முதல் வார்த்தை வாயில் வராமல் நிற்பார். நோய் எதுவென்று கண்டுபிடிப்பது கிளினிக்கின் வேலை. ஆளைத் தனியாக விடாமல், நஞ்சும் கத்தியும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டு, சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, அவர் வீடு திரும்பிய பிறகும் போய்ப் பார்ப்பது உங்கள் வேலை. இதற்கு வாயும் கையும் பழக வேண்டும். வகுப்பில் பாதி நேரத்தையாவது பழக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

ஒரே நாளில் எட்டு மணித்தியாலம் வேண்டாம். வேலை நாளில் வைத்தால் கொழுந்து எடுக்கிற பெண்களுக்குப் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும், வரமாட்டார்கள். லயத்தில் நடப்பதை முதலில் அறிகிறவர்களே அவர்கள்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மும்மூன்று மணித்தியாலம். ஒரு மாதம் கழித்து மறுபடி இரண்டு மணித்தியாலம். 18 பேர் என்பது நல்ல கணக்கு, இரண்டிரண்டு பேராகப் பிரிந்து பழகலாம். 20க்கு மேல் போனால் அது கூட்டமாகிவிடும்.

முதலில் நஞ்சு. அதில்தான் ஒரு மணித்தியாலம் தவறினால் உயிர் போகிறது.

1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். பின்னர் அந்த விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மிகக் கொடிய பூச்சிமருந்துகள் 1995இல் தடைசெய்யப்பட்டன, 1998இல் எண்டோசல்பான், 2008 முதல் 2011 வரை படிப்படியாக டைமெத்தோயேட், பென்தியோன், பரக்குவாட். நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் அந்த அளவுக்குக் குறையவில்லை, வந்தவர்கள் பிழைத்தார்கள். சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் சில நிமிடம், சில மணித்தியாலம் உச்சத்தில் நின்று இறங்கிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. அதைக் கடந்து பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை.

பூட்டுப் பெட்டி வாங்கிக் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அநுராதபுரப் பக்கம் 180 கிராமங்களில் வீடு வீடாகப் பூட்டுப் பெட்டி கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. பெட்டி கொடுத்ததால் நஞ்சருந்துவது குறைந்ததாகத் தெரியவில்லை. சாவி வீட்டிலேயேதானே இருக்கிறது. அந்தக் காசை வேறு எதற்காவது வையுங்கள். மருந்தடிக்கிறவர் மிச்ச மருந்தை மரக்கறித் தோட்டத்துக்கென்று சோடாப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஸ்டோரில் அன்றன்றைக்கு அளந்து கொடுத்து, மிச்சத்தை அன்றைக்கே திருப்பி வாங்கச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். பூச்சிமருந்துக் கடைக்காரரையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். குடித்துவிட்டு வந்து மருந்து கேட்கிறவருக்கும், பயிர் என்னவென்று சொல்லத் தெரியாமல் கேட்கிறவருக்கும் "இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்லப் பழகினால் அதுவும் ஓர் உயிர்காப்புதான்.

நஞ்சைக் குடித்துவிட்டார் என்றால்: ஒருவர் 1990 அம்புலன்ஸுக்குப் பேசட்டும், மற்றவர் ஆளைப் பார்க்கட்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், தேங்காய் எண்ணெய், சாணிக் கரைசல் எதுவுமே வேண்டாம். பல பூச்சிமருந்துகள் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்தவை. வாந்தியில் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் நஞ்சைவிட அதுவே ஆளைக் கொல்லும். இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தலையை வையுங்கள். மருந்து பட்ட உடுப்பைக் கழற்றி, தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கையுறை இல்லாவிட்டால் ஷொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம். போத்தலையும் லேபிளையும் பையில் போட்டு ஆளோடு அனுப்புங்கள். எச்சில் வழிவது, வியர்த்துக் கொட்டுவது, கண்மணி ஊசிமுனை போல் சுருங்குவது, தசை துடிப்பது என்றால் அதற்கு வைத்தியசாலையில் மாற்று மருந்து உண்டு. கொடுக்கிற அளவைத் தீர்மானிக்க லேபிள் உதவும்.

மாத்திரை விழுங்கியவர் விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பரசிட்டமோல் அளவுக்கு மீறி எடுத்தவர் முதல் நாள் எழுந்து நடப்பார், தேத்தண்ணீர் குடிப்பார். ஈரல் கெடுவது இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வெளியே தெரியும். மாற்று மருந்து எட்டு மணித்தியாலத்துக்குள் ஏறினால் மிக நன்றாக வேலை செய்யும். "நல்லாத்தானே இருக்கு, காலையில் பார்ப்போம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. எட்டு மணித்தியாலம் கடந்திருந்தாலும் கொண்டுபோக வேண்டும்.

தூக்கில் தொங்குகிறவரைப் பொலிஸ் வரும்வரை தொடக்கூடாது என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. உடம்பைத் தூக்கிப் பிடித்து, முடிச்சை அவிழ்த்து நேரம் போக்காமல் அதற்கு மேலே வெட்டி, சுருக்கைக் கழுத்திலிருந்து தளர்த்தி, கழுத்து ஆடாமல் கிடத்துங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சு நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்துங்கள்.

பொலிஸ் பயத்தால் நஞ்சருந்தியதை மறைத்து "வயிற்றோட்டம்" என்று வைத்தியசாலையில் சொல்கிற குடும்பங்கள் உண்டு. தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998இலிருந்து குற்றமில்லை. வகுப்பில் இந்த ஒரு வரியை மூன்று தடவையாவது சொல்லுங்கள். வீட்டார் உண்மையைச் சொன்னால்தான் சரியான மருந்து ஏறும்.

இனி, ஒன்றும் நடக்கும் முன் கேட்பது. "கேட்டால் இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோம்" என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அப்படி நடப்பதில்லை, வாய்விட்டுக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பாரம் இறங்கும். கேட்கிற விதத்தில்தான் சிக்கல். "தப்பான யோசனை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல வழி இல்லை. கேட்டவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று எதிரே இருப்பவருக்குத் தெரியும், அதையே சொல்லி அனுப்பிவிடுவார். இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, கொஞ்ச நாளா மனசு ஒடிஞ்சு போய் இருக்கீங்க. செத்துப் போயிடலாம்னு நெனப்பு வருதா?" ஆம் என்றால்: "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா? அதுக்கு ஏதும் எடுத்து வச்சிருக்கீங்களா? எப்பன்னு நெனச்சிருக்கீங்க?" இந்த மூன்றில் ஒன்றுக்காவது ஆம் என்று வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை, அதுவரை ஒரு நிமிடமும் தனியாக விடக்கூடாது, கழிவறைக்குப் போனாலும் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். நினைப்பு மட்டும்தான் என்றால் அன்றிரவு யாராவது கூடப் படுக்கட்டும், 1926க்கு அவரைப் பேச வையுங்கள், அந்தக் கிழமைக்குள் கிளினிக் போகட்டும். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 24 மணித்தியாலமும் இலவசம், தமிழிலும் பேசலாம். 1333ம் இலவச ஆலோசனை இலக்கம்தான்.

எங்கே வைத்துக் கேட்பது என்பதும் முக்கியம். லயத்தில் பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும். "வாங்கண்ணே, பீலி வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று தண்ணீர்ப் பீலிப் பக்கம் நடத்திக் கூட்டிப்போங்கள். பக்கத்தில் நடந்துகொண்டு பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடமும் குறையும்.

"ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு இப்படிப் பேசலாமா?" என்ற வாக்கியம் நல்லெண்ணத்தில்தான் வருகிறது. கேட்டவருக்கோ குற்றவுணர்வு கூடி வாய் மூடிவிடும். "யாருக்கும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றால் பண்ணாதீர்கள். "ஊருக்குச் சொல்லமாட்டேன். உங்களைக் காப்பாத்த வேணும்கிற ஒருத்தர்கிட்ட மட்டும், உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள், அப்படியே நடந்தும் காட்டுங்கள்.

வகுப்பில் இதைச் சோடியாக உட்கார்ந்து, சத்தமாக, ஆளுக்குப் பத்துத் தடவையாவது சொல்லிப் பழக வேண்டும். கவனித்துப் பாருங்கள், நாலாவது ஐந்தாவது தடவைக்குள் "செத்துப் போயிடலாம்னு" என்ற சொல் "ஒரு மாதிரி" ஆகிவிடும். அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். குணமாகி வேலைக்குப் போகும் ஒருவரும் அவர் வீட்டாரும் சம்மதித்தால் 20 நிமிடம் பேசச் சொல்லுங்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் மனநல நெருக்கடியில் இருப்பவரை அணுகுவதற்கென்று 1988இல் தொடங்கிய 40 மணித்தியாலப் பொலிஸ் பயிற்சியிலும் நோயோடு வாழ்கிறவர்களும் குடும்பத்தாரும் நேரில் பேசுவது ஒரு முக்கியப் பகுதி. "அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய கேஸ்" என்று மனநல வைத்தியசாலை இருக்கும் ஊரைச் சொல்லிக் கேலி பேசுகிற வாயை எந்த விரிவுரையும் மாற்றாது. தெரிந்த முகம் எழுந்து பேசினால் மாறும்.

கத்திக்கொண்டு, பொருட்களை எறிந்துகொண்டு இருப்பவரிடம் போகும்போது முதலில் வீட்டின் அமைப்பைப் பாருங்கள். லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் ஒரு கதவு. அந்தக் கதவை அடைத்துக்கொண்டு நின்றால் உள்ளே இருப்பவருக்கு வழி உங்கள் ஊடாகத்தான். ஒதுங்கி, இரண்டு கை நீளத்துக்கு அப்பால், கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். கவ்வாத்துக் கத்தி எங்கே செருகியிருக்கிறது என்று வீட்டாரிடம் கேளுங்கள்; கையில் ஆயுதம் இருந்தால் பின்வாங்கி 119 பொலிஸுக்குப் பேசுங்கள். பேசுவது ஒருவர்தான், வாசலில் பத்துப் பேர் ஆளுக்கொன்று சொல்வதுதான் பாதி ஆவேசத்துக்குக் காரணம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், சிறு வாக்கியமாக: "தம்பி, உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. நான் இங்கதான் இருக்கேன். தண்ணி குடிக்கிறியா?" யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்றால் "அப்படி யாரும் இல்லை" என்று வாதாடாதீர்கள், "ஆமா, வாறாங்க" என்று ஒத்துப் பாடவும் வேண்டாம். "எனக்கு அப்படித் தெரியல. உனக்கு அப்படித் தோணுறது பயமாத்தான் இருக்கும்" போதும்.

கயிற்றால் கட்டியிருந்தால் உடனே பாருங்கள். குப்புறக் கிடத்தி முதுகில் ஆள் உட்கார்ந்தால் மூச்சு முட்டி இறந்துபோவார். ஒருக்களித்துக் கிடத்தி, விரல்நகம் நீலம் பாய்ந்திருந்தால் கட்டைத் தளர்த்துங்கள். பூசாரியோடு சண்டை பிடிக்காதீர்கள், குடும்பம் அவர் பக்கம் சாய்ந்து உங்களுக்குக் கதவை மூடிவிடும். மந்திரக் கயிறு கட்டட்டும், திருநீறு போடட்டும். அடி, மிளகாய்ப் புகை, பட்டினி மூன்றும் கூடாது, கிளினிக் மாத்திரை ஒரு நாளும் நிற்கக்கூடாது என்று அவரிடமே மரியாதையாகக் கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள்.

"பேய் பிடித்தது", "பைத்தியம்" என்று கூப்பிடப்படும் சில பேருக்கு உடம்பு நோய்தான் இருக்கும். சீனி வியாதிக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர் சாப்பிடாமல் இருந்து உளறினால் சீனி இறங்கியிருக்கலாம். விழுங்க முடிந்தால் சீனி கூடப் போட்ட தேத்தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சலோடு குழப்பம், தலையில் அடிபட்ட பிறகு குழப்பம் இரண்டும் உடனே வைத்தியசாலைக்கு. பிள்ளை பிறந்து இரண்டு கிழமைக்குள் தாய் தூங்காமல், தொடர்பில்லாமல் பேசினால் அது அவசரம்; "பச்ச உடம்பு, சரியாயிரும்" என்று காத்திருக்கக்கூடாது.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் தினமும் சாராயமோ கசிப்போ குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை கை நடுக்கம், வியர்வை, உடம்பில் பூச்சி ஊர்கிறது, மூலையில் ஆள் நிற்கிறது என்பார். சாமிக்கு மாலை போட்டு நிறுத்தியவர், குளவி கொட்டி வார்ட்டில் கிடப்பவர், சண்டையில் பிடிபட்டுச் சனி ஞாயிறு பொலிஸ் கூண்டில் இருப்பவர் எல்லோருக்கும் இது நடக்கலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். பொலிஸ் நிலையத்துக்கும் குழுவிலிருந்து ஒருவர் போய் இதைச் சொல்ல வேண்டும். வார்ட்டில் சேர்க்கும்போது "தினமும் குடிக்கிறவர், கடைசியாகக் குடித்தது இன்ன நேரம்" என்று வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

அம்புலன்ஸ் பற்றி. 1990 சுவசெரிய 2016இல் இந்திய நிதியுதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடெங்கும் விரிந்தது, இலவசம். மலையகத்தில் நேரம் வீணாவது முகவரியில்தான். தோட்டத்துக்கு நாம் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்று, பதிவில் இருக்கும் பெயர் வேறு. பதிவுப் பெயர், டிவிஷன், லயத்து இலக்கம், மெயின் ரோட்டிலிருந்து எந்தச் சந்தியில் திரும்புவது, வாகனம் எதுவரை ஏறும் என்று ஐந்து வரியாக எழுதி டிஸ்பென்சரிக் கதவிலும் பிள்ளைக் காம்பராவிலும் ஒட்டுங்கள். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் சந்தியில் டோர்ச்சோடு நிற்கட்டும். லயம் வரை வாகனம் ஏறாது என்றால் கம்பளியில் கிடத்திச் சந்திக்குக் கொண்டுவாருங்கள். கொழுந்து லொறியில்தான் போக வேண்டும் என்றாலும் உட்கார வைக்காதீர்கள், இடப்பக்கம் சரித்தபடியே. கிளங்கன் வைத்தியசாலைக்கோ நுவரெலியா வைத்தியசாலைக்கோ போகிற ஆளோடு ஒரு துண்டுக் காகிதம் போகட்டும்: என்ன எடுத்தார், எத்தனை மணிக்கு, ஏறத்தாழ எவ்வளவு, வழக்கமாக எடுக்கும் மாத்திரை, வீட்டுத் தொலைபேசி இலக்கம்.

மண்சரிவை விட்டுவிட்டு மலையகத்தில் இந்த வகுப்பை முடிக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவை எல்லோரும் அறிவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டையே புரட்டிப்போட்டது. இதற்கு உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று சொல்லில் அடங்கும்: பார், கேள், இணை. "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்க" என்று கிண்டிக் கேட்பது உதவாது. சொல்ல வந்தால் கேளுங்கள், வராவிட்டால் விடுங்கள். முகாமில் முதல் நாள் செய்ய வேண்டியது ஒரு பட்டியல்: யார் யார் கிளினிக் மாத்திரை எடுக்கிறார்கள், யாருக்கு மாத ஊசி, எந்தத் திகதி. வலிப்பு மாத்திரை மண்ணுக்குள் போனால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு திரும்பி வரும். கிளினிக் கொப்பி போயிருந்தாலும் வைத்தியசாலையில் பதிவு இருக்கும், தோட்ட வைத்திய உதவியாளரான ஈ.எம்.ஏ. ஐயாவிடமோ, எம்.ஓ.எச். என்னும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொன்னால் வழி கிடைக்கும். தூக்கமின்மை, திடுக்கிடல், மழைச் சத்தத்துக்குப் பயம் பெரும்பாலோருக்குச் சில கிழமையில் தணியும். ஒரு மாதம் தாண்டியும் வேலை வெட்டி பார்க்க முடியாவிட்டால் கிளினிக். உடல் கிடைக்காத வீட்டில் கருமாதி எப்போது, எப்படி என்பதைக் குடும்பம் முடிவுசெய்யட்டும். பதினாறாம் நாளைச் சொல்லி யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

கடைசியாக, பயிற்சிகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் பகுதி: வார்ட்டிலிருந்து வீடு திரும்பிய பிறகு. நஞ்சருந்திப் பிழைத்தவருக்கு மீண்டும் ஆபத்து மிகக் கூடுதலாக இருப்பது அடுத்த சில கிழமைகளில்தான். லயமோ "அதுதான் பிழைச்சிருச்சே" என்று வேலைக்குத் திரும்பிவிடும். உலக சுகாதார நிறுவனம் கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் 1,867 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணித்தியால விளக்கமும், 18 மாதத்துக்குள் ஒன்பது தடவை நலம் விசாரிப்பும். 18 மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பகுதியில் 2.2 வீதம், இரண்டாவதில் 0.2 வீதம். 2008இல் வெளியான இந்த முடிவைவிடத் தோட்டத்துக்குப் பொருந்துகிற ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. பெரிய படிப்பு வேண்டாம், பெரிய செலவும் இல்லை.

அந்த ஒன்பது தடவை: 1, 2, 4, 7, 11ஆம் கிழமைகள், 4, 6, 12, 18ஆம் மாதங்கள். குழுவில் ஒருவர் ஒரு கொப்பியில் திகதிகளை முன்கூட்டியே எழுதிவைக்கட்டும். பெயர் எழுத வேண்டாம், குழுவுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் போதும். கொப்பி பூட்டிய இடத்தில் இருக்கட்டும். ஒருவரைப் பார்க்க எப்போதும் ஒரே ஆள்தான் போக வேண்டும், அவருக்குப் பிடித்த ஆளாக. நாலு கேள்வி: தூக்கம் எப்படி, மாத்திரை ஒழுங்காக எடுக்கிறாரா, அடுத்த கிளினிக் எப்போது, அந்த நினைப்பு திரும்பி வந்ததா. சிகிச்சை தொடங்கிய முதல் மாதத்தில் "மாத்திரை ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்தப் பார்ப்பார்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை காட்டவே இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும் என்பதை அங்கே சொல்ல வேண்டும். அவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டால் அவர் அடையாளத்தைக் கொப்பியிலிருந்து வெட்டிவிடாதீர்கள். ஆய்விலும் சில இடங்களில் விசாரிப்பு தொலைபேசியில்தான் நடந்தது. திகதி வந்ததும் எடுத்து, "தம்பி, சாப்பிட்டியா? இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று தொடங்கலாம்.